ஆடிக்காற்றில் அசராத ஜெனரேட்டர்

கேள்வி: முப்பந்தலில் காற்று பேய்த்தனமாக வீசினாலும் காற்றாலை நிதானமாகவே சுற்றுகிறதே, எப்படி?

பதில்: ஆடிக்காற்றில் அம்மி பறக்கலாம், ஜெனரேட்டர் பறக்கக் கூடாது! காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகிவிடும். அத்தனையையும் உள்ளே விட்டால் கியர்பாக்ஸ் தாங்காது.

பழைய ரக ஆலைகளில் கடிவாளம் மின்கட்டமைப்பின் கையில் இருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு இணைந்த நான்கு துருவ இண்டக்‌ஷன் ஜெனரேட்டர், நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குச் சற்று மேலே போகும், அவ்வளவுதான். காற்று மிஞ்சும்போது, இறக்கையின் முதுகை ஒட்டி வழுக்கிச் செல்லும் காற்றோட்டம் பிய்ந்து சுழலாகிவிடும். உந்துவிசை தானாகக் குறையும். இறக்கையைத் திருப்ப மோட்டார்கூட வேண்டாம், அதன் வளைவே வேலையை முடித்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் இது!

புதிய ஆலைகளில் ஒவ்வோர் இறக்கையும் அடிப்பகுதியில் சில பாகை திரும்பி, வேண்டாத காற்றை வழிய விடுகிறது. பல ஆலைகளில் ஜெனரேட்டரின் சுழலும் சுருளுக்கு ஒரு மின்னணுக் கருவி, தேவைக்கேற்ற அதிர்வெண்ணில் மின்சாரம் கொடுக்கிறது. அதனால் தண்டின் வேகம் 30 சதவீதம் வரை ஏறி இறங்கினாலும், வெளியே வருவது அதே 50 ஹெர்ட்ஸ்தான். திடீரென்று அடிக்கும் காற்றில் தண்டு கொஞ்சம் வேகம் கூட்டிக்கொள்ளும். பற்சக்கரங்களுக்கு அடி விழாது.

காற்று மணிக்கு சுமார் 90 கிலோமீட்டரைத் தாண்டினால், இறக்கைகள் விளிம்பைக் காற்றுக்குக் காட்டி ஓய்ந்துவிடும். தணிந்ததும், யாரும் வந்து பொத்தானை அமுக்காமலேயே மறுபடி சுற்றத் தொடங்கும்.