அமெரிக்கக் கடிதம்: சிரித்தபடி கைவிரிக்கும் அட்வைசர்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேரும் மாணவருக்குப் பெரும்பாலும் ஓர் அட்வைசர் உண்டு. எந்தப் பாடத்தை எடுப்பது, எதை விடுவது என்று வழிகாட்டுவது அவர் வேலை. ஊக்கமும் சேர்த்துத் தருவார் என்று நம்பி ஊரிலிருந்து வரும் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. கல்லூரி இணையதளத்தில் எல்லா அட்வைசர்களும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஊர் வாத்தியார் "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று வகுப்பே கேட்கத் திட்டுவார். மறுநாள் அவரே நோட்டைத் திருத்தியும் கொடுப்பார். இங்கே சத்தமே எழாது. அட்வைசர் நாற்காலியைக் காட்டி, வார இறுதி எப்படிப் போயிற்று என்று விசாரித்துவிட்டு, கம்ப்யூட்டரில் மார்க்கைப் பார்த்தபடி, "இந்த மேஜர் (முதன்மைப் பாடம்) உனக்குச் சரிப்படுமா, யோசித்தாயா?" என்பார். மாணவரும் நன்றி சொல்லிவிட்டு வருவார். வாங்கியது திட்டு என்பது விடுதிக்குப் போன பிறகுதான் உறைக்கும்.

இந்தக் கேள்வி அதிகம் எழுவது கால்குலஸ், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி போன்ற பாடங்களில். ஆளைக் கழிப்பதற்கென்றே வைத்த பாடங்கள் என்று மாணவர்களிடையே இவற்றுக்குப் பெயர். அட்வைசரின் கைமருந்து ஒன்றே: டிராப் செய். தொடக்க வாரங்களில் விட்டால் சுவடு இருக்காது; பிறகு விட்டால் மார்க் பட்டியலில் விலகியதைக் காட்டும் 'டபிள்யூ' ஏறிவிடும். எஃப்-1 மாணவர் விசாவில் இளநிலை படிப்பவர் பொதுவாகப் பருவத்துக்கு 12 கிரெடிட்டாவது வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதியில்லாமல் அதற்குக் கீழே இறங்கினால் விசாவுக்கே ஆபத்து. எல்லா அட்வைசருக்கும் இது நினைவிருப்பதில்லை.

அப்பா போன் போட்டு நியாயம் கேட்கவும் வழியில்லை. மாணவரின் கல்வி ஆவணங்களைக் காக்க 1974-இல் வந்த ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தபின் மார்க் விவரம் பிள்ளையின் உரிமை. பிள்ளை சம்மதிக்காவிட்டால் பெற்றோருக்குப் பொதுவாகப் பதில் கிடைக்காது. (சில பிள்ளைகளுக்கு இது வரப்பிரசாதம்.)

இளநிலை மாணவர் அட்வைசரை மாற்றிக்கொள்வது பெரிய காரியமில்லை. டிபார்ட்மென்ட்டில் கேட்டால் போதும். அட்வைசர் சொன்னதை மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்வதும் நல்லது. பிஎச்.டி. மாணவரின் பாடுதான் சிக்கல்: சம்பளமே பல நேரம் கைடின் ஆராய்ச்சி நிதியிலிருந்து வருவதால், புதுக் கைடு கிடைக்குமுன் பழையவரைப் பகைத்துக்கொள்ள முடியாது.

பகைக்காமல் விலகுவதில் சென்னை மாநிலக் கல்லூரியின் முன்னாள் மாணவரான விஞ்ஞானி சந்திரசேகர் முன்னோடி. 1935 ஜனவரியில் லண்டனில், ராயல் வானியல் கழகக் கூட்டத்தில், அவரது வெண்குறு விண்மீன் ஆய்வை மூத்த வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னிலையிலும் நையாண்டி செய்தார். சந்திரசேகர் நட்பை முறிக்கவில்லை. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்து, வேறு ஆராய்ச்சிக்கு மாறினார். நோபல் பரிசு 1983-இல் வந்தது.

கடைசியாக, சிபாரிசுக் கடிதம். அதைப் பார்க்கும் உரிமை வேண்டாமென்று மாணவர் பெரும்பாலும் முன்னதாகவே எழுதிக்கொடுத்து விடுகிறார். கடிதம் மோசமாக இருந்தாலும் அவருக்குத் தெரியாது. ஆகவே "வேறு யாரையாவது கேளேன்" என்று ஒரு பேராசிரியர் சொன்னால், அவர் செய்யக்கூடிய பேருதவி அதுதான்.