சார் வீட்டிலேதான் இருப்பாரா?

வங்கிக் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு பழக்கம் மட்டும் விடாது. யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் எதிரே உட்கார வைத்து, "நான் உங்ககிட்ட என்ன எதிர்பார்க்கிறேன், நீங்க என்கிட்ட என்ன எதிர்பார்க்கிறீங்க, முதல்லயே பேசிடுவோம்" என்று தொடங்கிவிடுவான். கிளையில் இருந்தவரை இதற்கு ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தது. இப்போது வீட்டில் இருப்பது மனைவி ஒருத்தி. அவளிடம் என்ன எதிர்பார்த்தாய் என்று கேட்டால் கல்யாண மண்டபத்திலிருந்து ஆரம்பிப்பாள்.

ஆகையால், அவளுடைய முழங்கால் வலிக்காகச் சமையலுக்கு ஆள் போடுவது என்று முடிவானதும், முழங்காலைவிட எனக்குத்தான் நிம்மதி.

சும்மா இறங்கிவிடவில்லை. 1954-ல் பீட்டர் டிரக்கர் எழுதிய மேலாண்மைப் புத்தகத்தைத் தூசு தட்டி எடுத்தேன். அதில் ஒரு கடிதம் பற்றிச் சொல்கிறார். கீழே இருக்கிற அதிகாரி வருஷத்துக்கு இரண்டு தடவை மேலே இருக்கிறவருக்கு எழுத வேண்டும்: உங்கள் வேலை எது, என் வேலை எது, நீங்கள் செய்வதில் எனக்கு எது உதவி, எது இடைஞ்சல். கிளையில் நானும் எழுதி வாங்கியிருக்கிறேன். இடைஞ்சல் என்ற இடத்தில் அத்தனை பேரும் 'ஏதுமில்லை' என்றே எழுதினார்கள். நானும் நம்பினேன்.

அத்தோடு விட்டேனா? சர்வதேச தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலை செய்பவர்களுக்காகவே 2011-ல் 189-ஆவது உடன்படிக்கை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறது. என்ன வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம், என்ன லீவு என்பதையெல்லாம் புரியும்படி சொல்ல வேண்டும், முடிந்தால் எழுதியே கொடுக்க வேண்டும் என்கிறது அதன் ஏழாவது பிரிவு. எழுதினேன். இரண்டு பிரதி அச்செடுத்தேன். அந்த உடன்படிக்கையை இந்தியா இன்னும் உறுதிப்படுத்தவில்லை. என் வீட்டம்மாவும் உறுதிப்படுத்தவில்லை. "ஏங்க, வர்ற ஆளை விரட்டிடாதீங்க" என்றாள்.

சமையலுக்குச் சொல்லி வைத்திருந்த அம்மா வந்தார். ஹாலில் நான் போட்டு வைத்திருந்த நாற்காலியைத் தாண்டி நேரே சமையலறைக்குப் போனார். மனைவியிடம் கேள்விகள் ஆரம்பித்தன. எத்தனை பேர், தேங்காய் யார் துருவுவது, பத்துப்பாத்திரத்துக்கு வேறு ஆளா, பிள்ளைகள் ஊரிலிருந்து வந்தால் எத்தனை நாள் தங்குவார்கள். கடைசியாக என் பக்கம் லேசாகத் தலையைத் திருப்பி, "சார் வீட்டிலேதான் இருப்பாரா?" என்றார்.

"ஆமா" என்றாள் மனைவி, டாக்டரிடம் நாள்பட்ட சர்க்கரையைச் சொல்கிற குரலில்.

"அப்ப ஐநூறு கூட ஆகும்மா."

இனியும் சும்மா இருந்தால் மேலாளர் என்ன மேலாளர்? அடையாள அட்டை கேட்டேன். பர்ஸிலிருந்து வீட்டுப் பணியாளர் நலவாரிய அட்டையை எடுத்து நீட்டினார். 2007-ல் அமைத்த வாரியம். விடவில்லை நான். "அரசாங்கமே 2018-ல மணிக்கு 37 ரூபாய்னுதான் குறைந்தபட்சக் கூலி போட்டுச்சு. நாங்க அதுக்கு எவ்வளவோ மேல தர்றோம்" என்றேன்.

"அந்த சம்பளத்துக்கு 2018-லயே கூப்பிட்டிருக்கணும் சார்."

சட்டத்தை மடித்து வைத்துவிட்டு என் தாளை வாசித்தேன். காலை ஆறரைக்குக் காபி, எண்ணெய் அளவு, மூன்று மாதம் தகுதிகாண் காலம். "மூணு மாசமெல்லாம் வேண்டாம் சார். ஒரு மாசம் பார்க்கிறேன். ஒத்து வந்தீங்கன்னா இருக்கேன்" என்றார். எத்தனையோ பேரைப் பணி நிரந்தரம் செய்து கையெழுத்துப் போட்ட கை இது.

அப்போதாவது எழுந்து போயிருக்கலாம். டிரக்கர் விடவில்லை. "நான் செய்யறதுல உங்களுக்கு எதாவது இடைஞ்சல் இருந்தா, போகப் போகத் தாராளமா சொல்லலாம்" என்றேன், பெருந்தன்மையாக.

"போகப் போக எதுக்கு சார்? எல்லா வீட்டுலயும் ஒண்ணுதான், இப்பவே சொல்லிடறேன்."

சொன்னார். தாளிக்கும்போது பின்னால் வந்து நின்று எட்டிப் பார்க்கக் கூடாது. 'கேஸ் வீணாகுதே' என்று தீயைக் குறைக்கக் கூடாது. மேடையைத் துடைத்து முடித்த பிறகு 'இன்னொரு அரை டம்ளர்' கேட்கக் கூடாது. யூடியூபில் யாரோ வைத்த வத்தக்குழம்பை போனோடு தூக்கிக்கொண்டு வரக் கூடாது. 'எங்கம்மா வச்சா' என்று தொடங்கும் எந்த வாக்கியமும் கூடாது.

இத்தனையும் என்னை இதற்கு முன் பார்த்தே இராத ஒருவர் சொன்னது. பார்த்துக்கொண்டே இருந்தவளோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என் இரண்டாவது பிரதியைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவை வைத்து, "மூணாவதை இன்னொரு தடவை சொல்லும்மா" என்றாள். ஒப்பந்தம் அன்றே குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஏறியது. முன்பக்கம் கதவைப் பார்த்து, பின்பக்கம் என்னைப் பார்த்து.

சாம்பார் பிரமாதம், அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சமையலறை வாசல்படியைத் தாண்டாமல் அங்கிருந்தே சொல்கிறேன்.

மாதக் கடைசியில் சம்பளம் வாங்கும்போது அந்த அம்மா மனைவியிடம், "சார் பரவாயில்லம்மா, உள்ளயே வர்றதில்ல" என்றார். ஒரு நல்ல வார்த்தை காதில் விழுந்ததும் வங்கிக்காரன் சும்மா இருப்பானா?

"அப்போ அந்த ஐநூறைக் குறைச்சுக்கலாமே?"

"வேண்டாம் சார். குறைச்சா மறுபடியும் உள்ள வந்துடுவீங்க."