ட்ரோன் பறக்குது, பிள்ளை நிக்குது

பிளஸ் டூ தேர்வு முடிந்தால் போதும். முகூர்த்தமில்லாத நாட்களில்கூட கல்யாண மண்டபங்கள் நிரம்பிவிடும். தனியார் கல்லூரிகளின் 'உயர்கல்வி வழிகாட்டி' விழா! மேடையில் எல்இடி சுவர். விளக்கை அணைத்ததும் ட்ரோன் பறக்கும். நூலகம், நீச்சல் குளம், வரிசையாக நிற்கும் பேருந்துகள், வெள்ளைக் கோட்டு மாட்டிச் சோதனைக் குழாயை உற்றுப் பார்க்கும் பெண். கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர வந்தவனுக்குக் குழாய் எதற்கு? கேட்கக்கூடாது. பின்னணி இசை உச்சத்தில் இருக்கிறது.

அடுத்து '100 சதவீத வேலைவாய்ப்பு'. எத்தனை பேரில் நூறு? அரியர் வைத்தவன் அந்தக் கணக்கில் உண்டா? அதையும் கேட்கக்கூடாது.

வாசலில் ஒரு படிவம். பெயர், மதிப்பெண், அப்பாவின் போன் நம்பர். நிரப்பினால் பேனா இலவசம். மை தீருமுன் போன் அலறத் தொடங்கும். "சார், ஒரே ஒரு சீட்தான் இருக்கு. இன்னிக்கே அட்வான்ஸ் கட்டிடுங்க." மறுநாளும் அதே குரல், அதே ஒரே ஒரு சீட்.

அந்த மேடையில் சொல்லாதது இது: தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு. கலந்தாய்வில் அந்த இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசின் பொறுப்பு. 2021-லிருந்து நடைமுறை. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குத் தனிச் சலுகை. தாசில்தார் அலுவலகச் சான்றிதழ் வேண்டும். இவ்வளவையும் சொல்ல ஒரு சாக்பீஸ் போதும். சொல்லிவிட்டால் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு யார் வருவார்கள்?

சரி, அரசு? 2019-இல் கல்வித் தொலைக்காட்சி. 2022-இல் 'நான் முதல்வன்' திட்டம். 2023-இல் மணற்கேணி செயலி. பள்ளிகளில் ஹைடெக் லேப் வேறு. திரைக்குப் பஞ்சமே இல்லை. நல்ல வீடியோக்களும் உண்டு, மறுக்கவில்லை. "வீட்டு வருமானம் எவ்வளவும்மா? விடுதியில தங்குவியா?" என்று ஒரு பிள்ளையை எதிரே உட்காரவைத்துக் கேட்க மட்டும் ஆள் கிடையாது. அந்த வேலையும் இயற்பியல் வாத்தியார் தலையில். அவர் பாடம் நடத்த வேண்டும், எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்ற வேண்டும், மிச்ச நேரத்தில் நாற்பது பிள்ளைகளின் எதிர்காலத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். திரையைத் திறக்க ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுக்கலாம். ஓர் ஆலோசகருக்குச் சம்பளம் போட்டால் எதை வெட்டுவது?

பள்ளி ஹைடெக் லேபில் வழிகாட்டி வீடியோ முடிகிறது. ஒரு மாணவி எழுந்து, "சார், நர்சிங்குக்கு எங்க அப்ளை பண்ணணும்?" என்கிறாள். வாத்தியார் வாயைத் திறக்குமுன் திரையே பதில் சொல்கிறது: 'சந்தேகங்களுக்கு இந்த க்யூஆர் கோடை உங்கள் கைபேசியில் ஸ்கேன் செய்யவும்.' பக்கத்துச் சுவரில் தலைமையாசிரியர் கையெழுத்துடன் ஒரு நோட்டீஸ்: 'பள்ளிக்குக் கைபேசி கொண்டுவந்தால் பறிமுதல் செய்யப்படும்.'