பேசியாச்சு அண்ணன்

சனிக்கிழமை ராத்திரி எங்கள் சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் புதுப்பையன் எவனாவது, "அண்ணா, நாளைக்கு அந்தத் தடத்துல விடுவாங்களா?" என்று கேட்டுவிடுவான். அடுத்த நொடியே அண்ணனிடமிருந்து பதில் வந்து விழும்: "பேசியாச்சு." பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

பேசியது யார், யாரிடம், அந்தப் பக்கத்திலிருந்து என்ன சொன்னார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டவர்கள் உண்டு. "அதெல்லாம் நம்மாளுதாங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு அவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள். ஆனைகட்டியிலிருந்து சிறுவாணி அடிவாரம் வரை அண்ணனுக்கு எல்லாரும் நம்மாளு. ரேஞ்சர் நம்மாளு, வாட்சர் நம்மாளு, ரிசார்ட் மேனேஜர் நம்மாளு, தோப்புக்காரர் அப்பாவோடு படித்தவர். இத்தனை நம்மாளுகள் இருக்கிற ஊரில் நாங்கள் ஏன் வாராவாரம் யாரிடமாவது திட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளைத் திருப்புகிறோம் என்பதுதான் விளங்கவில்லை.

அவருடைய போனைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ‘ரேஞ்சர் சார்’ என்று ஒரு எண். ‘ரேஞ்சர் சார் புதுசு’ என்று ஒரு எண். ‘ரேஞ்சர் சார் புதுசு 2’ என்று இன்னொன்று. மாற்றலாகிப் போனவர்களை அவர் அழிப்பதில்லை. என்றைக்காவது திரும்பி வரலாம் அல்லவா? காலை ஆறேகாலுக்கு வனத்துறைச் சாவடியில் கையைக் காட்டி நிறுத்தினால், அண்ணன் முதலில் ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டுவார். கையுறையை விரல் விரலாக உருவுவார். தொண்டையைச் செருமிக்கொண்டு மூன்று எண்களையும் வரிசையாக அழைப்பார். ரிங் போகிற சத்தம் எங்களுக்கே கேட்கும். யாரும் எடுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு எந்த மனுஷன் எடுப்பான்? "ஃபீல்டுல இருப்பாரு, டவர் இருக்காது" என்பார் அண்ணன். டவர் இல்லாமலா ரிங் போனது என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை. அந்த அளவுக்கு மரியாதை இன்னும் மிச்சமிருக்கிறது.

ஒருமுறை எடுத்துவிட்டார்கள். அண்ணனுக்கு உற்சாகம் தாங்கவில்லை, ஸ்பீக்கரில் போட்டுவிட்டார். "வணக்கம் சார், நான்தான் சார், சைக்கிள்..." அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்: "எந்த சைக்கிளுங்க?" அண்ணன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு நாலடி தள்ளிப் புளியமரத்தடிக்குப் போனார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் தலையாட்டினார். திரும்பி வந்து, "பேசியாச்சு. இன்னைக்கு மட்டும் வேண்டாங்கறாரு" என்றார்.

அந்தச் சாவடியில் இருந்த வாட்சர் நல்ல மனிதர். எங்களைத் திட்டக்கூட இல்லை. "பள்ளத்துக்குள்ள குட்டியோட கூட்டமா நிக்குதுங்க, இப்படியே திரும்பிப் போயிருங்க" என்றார். அண்ணனுக்கு வாய் சும்மா இருக்குமா? "அதெல்லாம் பேசியாச்சுங்க" என்று வந்துவிட்டது. "யாருகிட்டங்க, ஆனைகிட்டயா?" என்று வாட்சர் சிரிக்காமல் கேட்டார்.

சட்டம் தெரியாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். நம் ஊர்ச் சட்டம் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஸ்காட்லாந்தில் 2003-இல் ஒரு நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. பொறுப்போடு நடந்துகொள்கிறவர்கள் பெரும்பாலான நிலங்களில் தாராளமாக நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். இங்கிலாந்தில் குதிரைத் தடங்களில் சைக்கிள் விட 1968-லிருந்தே உரிமை உண்டு. இதையெல்லாம் அண்ணன் அந்த வாட்சரிடமே எடுத்துச் சொன்னார். வாட்சருக்குத் தெரிந்தது 1882-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வனச் சட்டம். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் காலை வைப்பதே அதன்படி குற்றம். சைக்கிளில் போனால் சலுகை என்று அதில் எங்கும் இல்லை.

டீக்கடைக்கு டீக்கடை அண்ணன் சொல்லும் இன்னொரு கதை, கலிஃபோர்னியாவில் டமால்பயஸ் மலை வட்டாரத்தில் இந்த மலைச் சைக்கிள் விளையாட்டு பிறந்த கதை. 1976-இல் சில இளவட்டங்கள் பழைய கனத்த சைக்கிள்களை எடுத்துக்கொண்டு ஒரு காட்டுச் சாலை இறக்கத்தில் பந்தயம் விட்டார்கள். இறங்கி முடிப்பதற்குள் பின்சக்கரப் பிரேக்கில் இருக்கும் கிரீஸ் சூடேறிப் புகைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புது கிரீஸ் திணிக்க வேண்டியிருந்ததால் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் நின்றது. அண்ணன் இந்த இடத்தில் வடையை எடுத்துக்கொள்வார், கதை முடிந்துவிடும். மீதிக் கதையை நாங்கள்தான் படித்துத் தெரிந்துகொண்டோம். கொஞ்ச வருஷத்தில் அதே மலையின் ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. ரேஞ்சர்கள் ரேடார் துப்பாக்கியோடு வளைவில் நின்று, வேகமாக வந்த சைக்கிள்காரர்களுக்கு அபராதம் எழுதினார்கள். பிறந்த வீட்டிலேயே அந்தக் கதி.

இங்கே கதை இன்னும் கடுமையானது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11-ஆம் தேதி காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருஷமே மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. அதன்பிறகு எந்த அதிகாரியும் "போய்ட்டு வாங்க" என்று வாயால் சொல்லி அனுப்ப மாட்டார், சொல்லவும் கூடாது. இது குழுவில் எல்லாருக்கும் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 தடங்களைத் திறந்தது. இணையத்தில் பதிவு செய்து, பணம் கட்டி, மலைவாழ் மக்களிலிருந்து வரும் வழிகாட்டியோடு போகலாம். அது நடக்கிறவர்களுக்கு. சைக்கிளுக்கும் நாலு தடம் ஒதுக்குங்கள் என்று முறையாக ஒரு மனு கொடுக்கலாமே என்று முடிவு செய்தோம். எழுதித் தரும் பொறுப்பை அண்ணன் தானே முன்வந்து எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்துக் கேட்டோம். எழுதவில்லையாம், பேசியிருக்கிறாராம்.

நல்லதையும் சொல்ல வேண்டும். அண்ணன் யாரையும் பாதியில் விட்டுப் போனதில்லை. மூச்சு வாங்கிக் கடைசியில் வருகிற ஆளுக்கு நிழல் பார்த்துக் காத்திருப்பார். கிலுவை முள் ஏறி டயர் போனால் முதலில் முதுகுப்பையைத் திறப்பது அவர்தான். ட்யூப், பஞ்சர் குச்சி, செயின் இணைப்பு, கடலை மிட்டாய், மூட்டுவலிக்குத் தைலம் என்று எல்லாம் அதிலிருந்து வரும். ஒரு கல்லூரிப் பையன் இறக்கத்தில் தெறித்து விழுந்து தோள்பட்டை இறங்கிவிட்டபோது, தன் விலை உயர்ந்த சைக்கிளை வழியிலிருந்த ஒரு சாளையில் போட்டுவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ராத்திரி வரை உட்கார்ந்திருந்தவர் அவர். அன்றைக்கு யாரிடமும் எதையும் பேசவில்லை. அதனால்தான் பல வருஷமாக அவரைச் சகித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் தென்னந்தோப்பு விவகாரத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நாங்கள் ஓட்டுகிற தடங்களில் முக்கால்வாசி எந்தக் காகிதத்திலும் இல்லாதவை. இட்டேரி, பள்ளத்தோரம் ஆடு போய் விழுந்த தடம், தடாகம் பக்கம் 2021-இல் செங்கல் சூளைகள் மூடப்பட்ட பிறகு சும்மா கிடக்கிற செம்மண் குழிகள். யாரோ ஒருவர் "போனாப் போகுது, சின்னப் பசங்க" என்று விட்டதால் போய்வருகிறோம். அந்தத் தோப்புக்காரப் பெரியவர் அப்படி விட்டவர். அவர் கேட்டது இரண்டே இரண்டு. "படலச் சாத்திட்டுப் போங்க சாமி, ஆடு வெளிய போயிரும். தண்ணி பாச்சுன அன்னைக்கு மட்டும் உள்ள வராதீங்க." எழுத்தில்லை, கையெழுத்தில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு இளநீர்கூட வெட்டிக் கொடுத்தார்.

அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஹெட்லைட் ரைடு போட்டார். நாங்கள் வழக்கமாகப் போகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான். அன்று இருபதுக்கு மேல். பாதிப்பேரை அவருக்கே தெரியாது. பெரியவரிடம் சொன்னீர்களா என்று கேட்டதற்கு என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று மத்தியானம்தான் தண்ணீர் பாய்ந்திருந்தது. வரப்பு மேல் இருபது சைக்கிள் ஏறி அது ஓடையாகிவிட்டது. சொட்டுநீர்க் குழாயில் ஒரு வரிசை முழுக்க நசுங்கிப் பிளந்துவிட்டது. படலைக் கடைசியாக வந்தவன் சாத்துவான் என்று முன்னால் போனவன் நினைத்தான். கடைசியாக வந்தவனுக்குப் படல் என்றாலே என்னவென்று தெரியாது. மூன்று ஆடுகளை மறுநாள் ரோட்டில் தேடிப் பிடித்தார்கள். இதற்குமேல் அண்ணன் அந்தத் தடத்தை வரைபடத்தோடு ஸ்ட்ராவா செயலியில் எல்லாரும் பார்க்கும்படி ஏற்றியும் விட்டார். அடுத்த வாரம் அதைப் பார்த்துக்கொண்டு புல்லட்டில் நாலு பேர் தோப்புக்குள் இறங்கினார்கள்.

இப்போது அங்கே இரும்புக் கேட் போட்டிருக்கிறார்கள். பூட்டுப் போட்டிருக்கிறார்கள். நான் தனியாகப் போய்க் கைகூப்பி நின்றேன். பெரியவர் கோபப்படவில்லை, உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார். "நீங்க வந்தா சரிங்க, உங்களுக்குப் பின்னால வர்றவங்கள எனக்குத் தெரியாதே" என்றார். நான் என்ன சொல்ல முடியும்? எந்த அலுவலகத்தில் எந்த மனு கொடுத்தாலும் அந்தத் தடம் இனி கிடையாது. பூட்டியது வனத்துறை இல்லை, அரசு இல்லை. எங்கள் குழுதான் பூட்ட வைத்தது.

குழாய்க்கும் வரப்புக் கூலிக்கும் ஆளுக்குக் கொஞ்சம் என்று பணம் போட்டோம். அன்று வந்திராதவர்கள்கூடப் போட்டார்கள். அண்ணன் பங்கு மட்டும் இன்னும் வரவில்லை. நினைவுபடுத்தினால், தோப்புக்காரரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறாராம்.