டோட்டல் லாஸ் வண்டி

ஒரு கார் செத்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் நம் நாட்டில் கால்குலேட்டருக்குத்தான் இருக்கிறது. மெக்கானிக்கிடம் விட்டால் எந்த வண்டியையும் சாக விடமாட்டார். 'பண்ணிக்கலாம் சார்' என்பார். இன்சூரன்ஸ் பாலிசியின் பொடி எழுத்து அத்தனை இளகிய மனசுக்காரன் இல்லை. பழுதுபார்க்கும் செலவு, வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது 'டோட்டல் லாஸ்'. அந்த மதிப்பை, அதாவது ஐடிவியை, வயதாக ஆகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். ஆறு மாதக் குழந்தைக்கே 5 சதவீதம் போயிருக்கும். நாலு வயது தாண்டினால் பாதி காலி. ஆகவே ஒரே மாதிரி அடிபட்டாலும் புது வண்டி பிழைத்துக்கொள்ளும், பழைய சின்ன வண்டி போய்ச்சேரும். ஐடிவி இரண்டு லட்சம் என்று வையுங்கள். எஸ்டிமேட் ஒன்றரை லட்சத்தைத் தாண்டினால் கதை முடிந்தது. பெரிய ஒர்க்‌ஷாப்பில் அந்தத் தொகையை எட்டுவது ஒன்றும் கடினமில்லை. பம்பரைக் கழற்ற, மாட்ட, தட்ட, தேய்க்க என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி. கூலிக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி.

நான் வாங்கிய ஆல்ட்டோ 800 இப்படிச் செத்ததுதான். எஞ்சின் ஓடியது, கியர் விழுந்தது. பின்சீட்டில் ஷோரூம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது. முகம் மட்டும் இல்லை. எதிரே நின்றது லாரியா, பாலத்துத் தூணா என்று விற்றவர் சொல்லவில்லை. இந்த மாதிரி வண்டிகளை 'உள்ளது உள்ளபடி' என்றுதான் ஏலம் விடுவார்கள். கேள்விக்கு அங்கே இடமில்லை. காகிதத்தை மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தேன். வண்டி இனி ஓடவே ஓடாது என்றால் உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்டிஓவிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. அப்படிப் பதிவு ரத்தான வண்டியை வாங்கினால் அதை வாசலில் நிறுத்திக் கோழி அடைக்கலாம். இதில் ஆர்சி உயிரோடு இருந்தது. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ஒத்துப்போயின. பேங்க் கடனும் நீக்கப்பட்டிருந்தது.

கம்பெனி கணக்குத் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் கணக்கில் கூலி உண்டு. என் கணக்கில் கிடையாது. சொந்த வீட்டு வாசலில், சொந்தக் கையால், ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யும் வேலைக்கு விலை பூஜ்ஜியம் என்பது நடுத்தரக் குடும்பத்தின் அடிப்படைச் சித்தாந்தம். இந்தப் பூஜ்ஜியத்தைப் போட்டுப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட பிணமும் லாபத்தில் எழுந்து உட்கார்ந்துவிடும்.

வண்டி கட்டி இழுத்து வரப்பட்ட அன்று தெருவே கூடிவிட்டது. 'யாரு ஓட்டினா?' என்பதுதான் எல்லாருடைய முதல் கேள்வி. எதிர்வீட்டு மாமி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து என் கை கால்களை எண்ணிப் பார்த்தார். மூன்றாம் வீட்டுக்காரர் ஆரஞ்சுப் பழம். 'அடிபட்டது நாங்க இல்லை, அடிபட்டதைத்தான் வாங்கியிருக்கோம்' என்று அம்மா ஆரம்பத்தில் ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டவர்கள் முகத்தில் அனுதாபம் இன்னும் கூடுவதைப் பார்த்ததும் உத்தியை மாற்றிக்கொண்டாள். 'ஏதோ, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு' என்று சொல்லிப் பழங்களை உள்ளே எடுத்து வைத்தாள். நான் ஒரு வாரத்துக்கு லேசாக நொண்டினால் நல்லது என்றுகூட அபிப்பிராயப்பட்டாள்.

வேலையில் எனக்குத் துணை மச்சான். டிப்ளமா மெக்கானிக்கல். அவனுக்கும் எனக்கும் மேலே, பக்கத்துத் தெரு டிங்கர் அண்ணன். அந்தக் காலத்துப் பத்மினி, அம்பாசடர் எல்லாம் தட்டி ஓய்ந்த கை. டீக்கும் பேச்சுக்கும் வருவார், சுத்தியலைத் தொடமாட்டார்.

அண்ணன் முதலில் கேட்டது டேப். பொனெட்டை எடுத்துவிட்டு எஞ்சின் அறையின் நான்கு மூலைகளைக் குறுக்காக அளக்கச் சொன்னார். வலது முன் மூலையிலிருந்து இடது பின் மூலை, இடது முன்னிலிருந்து வலது பின். இரண்டும் சமமாக இருந்தால் தகரத்துக்கு மட்டும் அடி. வித்தியாசம் வந்தால் எலும்பே கோணல். எங்களுக்கு 14 மில்லிமீட்டர் வந்தது. 'ஒண்ணரை சென்டிமீட்டர்கூட இல்லையேண்ணே' என்றான் மச்சான். 'ரோட்ல போறப்ப அது உன்ன பக்கத்து லேன்ல கொண்டு விடும்' என்றார் அண்ணன்.

ஆல்ட்டோ மாதிரி வண்டிகளுக்கு லாரிக்கு இருப்பதுபோலத் தனிச் சட்டம் கிடையாது. கூரை, தரை, முன்பக்கத்து ஏப்ரன் எல்லாம் சேர்ந்த ஒரே கூடு. முன்பக்கம் நசுங்கியதும் திட்டமிட்ட ஏற்பாடுதான். மெர்சிடிஸ் பென்ஸில் இருந்த பேலா பாரேன்யி என்ற எஞ்சினியர், வண்டியின் முன்னும் பின்னும் நசுங்கி மோதலின் வேகத்தைத் தின்ன வேண்டும், நடுவில் மனிதர் இருக்கும் இடம் மட்டும் அசையக்கூடாது என்று சொல்லி 1952-இல் காப்புரிமை வாங்கினார். 1959-இல் அந்த அமைப்போடு கார் தெருவுக்கு வந்தது. அதற்கு முன்பெல்லாம் வண்டி விறைப்பாக நிற்கும், உள்ளே இருப்பவர்தான் நசுங்குவார். பாரேன்யி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய மகான், சந்தேகமில்லை. ஆனால் அவர் நசுங்க வைத்ததை நிமிர்த்துகிறவன் கஷ்டத்தையும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

ஷெட்டில் இதற்கு ஹைட்ராலிக் மேடை உண்டு. எங்களிடம் வேப்பமரம் இருந்தது. முன்பக்கம் செயின் பிளாக்கை வேப்பமரத்தில் மாட்டி, பின்பக்கம் வண்டியைத் தென்னையில் கட்டினோம். பின்னால் கட்டாவிட்டால் கோணல் நிமிராது, வண்டிதான் மரத்தடிக்குப் போய்ச் சேரும். அம்மாவின் கவலை வண்டியைப் பற்றியதல்ல. 'மாரியம்மா குடியிருக்கிற மரம்டா, சங்கிலியைக் கட்டறீங்களே!' என்றாள். பட்டையில் சங்கிலி வெட்டாமல் இருக்கக் கோணியைச் சுற்றினோம். கோணிக்கு மேல் அம்மா மஞ்சள் குங்குமம் வைத்தாள். தெருவில் போன ஒரு அம்மாள் நின்று, ஆல்ட்டோவையும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இழுப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சரியான அளவுக்கு இழுத்துவிட்டால் போதாது. சங்கிலியைத் தளர்த்தியதும் தகடு பழைய இடத்தைப் பார்த்து ஓடும். 'இரும்புக்கு ஞாபகம் ஜாஸ்தி தம்பி' என்றார் அண்ணன். ஆகவே அளவைக் கொஞ்சம் தாண்டி இழுத்து, இழுத்த நிலையிலேயே மடிப்புகளைச் சுற்றிச் சுத்தியலால் தட்டித் தட்டி அந்த ஞாபகத்தை அழிக்க வேண்டும். கேஸ் டார்ச்சால் சூடு காட்டினால் சீக்கிரம் வளையுமே என்று மச்சான் அடுப்பைத் தேடினான். அண்ணன் முறைத்தார். இப்போதைய வண்டிகளின் உறுதி கூடிய தகட்டைச் சிவக்கக் காய்ச்சினால் அதன் பலமே போய்விடும். அடுத்த மோதலில் பாரேன்யி சொன்ன இடத்தில் மடியாது. இழுப்பு, தட்டு, டேப், இழுப்பு. தெருப் பையன்கள் கிரிக்கெட்டை விட்டுவிட்டு மில்லிமீட்டரை ஸ்கோர் சொல்ல ஆரம்பித்தார்கள்.

பாகங்களுக்குச் சென்னைப் புதுப்பேட்டை. எழும்பூருக்கும் கூவத்துக்கும் இடையில் அந்தச் சந்துகளில் நுழைந்தால், கார் என்பது நாம் நினைக்கிற ஒரு பொருளே இல்லை, கதவுகள், கண்ணாடிகள், ஸ்டியரிங்குகள் கொஞ்ச காலம் கூட்டுக்குடித்தனம் நடத்திய இடம் என்று புரியும். 'ஆல்ட்டோ நோஸ் கட் இருக்கா?' என்று கேட்டால், கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே 'எந்த வருஷம்?' என்பார். வருஷம் சொன்னால் விலை சொல்வார். விலையைக் கேட்டதும் நாம் நடக்க வேண்டும். எத்தனை அடியில் கூப்பிடுகிறாரோ அதுதான் உண்மையான விலை. பொனெட் சிவப்பு, ஒரு ஃபெண்டர் சில்வர், இன்னொன்று நீலம் என்று வாங்கி மாட்டியதும் வண்டி அனைத்துக் கட்சிக் கூட்டணியாகிவிட்டது.

மூன்று சாமான்களை மட்டும் அங்கே விலைகூடக் கேட்கவில்லை. ஏர்பேக், அதை இயக்கும் மாட்யூல், சீட்பெல்ட். வெடித்த பையை மடித்து உள்ளே திணித்து மேல்மூடியை ஒட்டி, டேஷ்போர்டு விளக்கு எரியாமல் ஒரு ரெசிஸ்டரை வைத்து ஏமாற்றித் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்தார். அடுத்த முறை மோதும்போது அந்த ரெசிஸ்டரா வந்து நெஞ்சைத் தாங்கும்? மூன்றையும் புதிதாகவே வாங்கி, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டினேன். என் பூஜ்ஜியக் கணக்கில் பெரிய ஓட்டை விழுந்தது அங்கேதான். அதில் எனக்கு வருத்தமில்லை. மனைவிக்கு பில்லைக் காட்டவும் இல்லை.

பிறகு பட்டி. பேஸ்ட்டில் ஹார்டனரைத் துளி கலந்ததும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். போன் வந்தது, டீ வந்தது என்று திரும்பினால் டப்பாவில் கல்தான் இருக்கும். பட்டியைப் பேப்பர் ரோஸ்ட் கனத்துக்கு இழுக்க வேண்டும். பள்ளத்தைப் பட்டியால் நிரப்பி மறைக்கிறவர்கள் உண்டு. ஒரு வெயில் காலத்தில் அது வெடித்துக் காட்டிக்கொடுக்கும். அடுத்தது உப்புத்தாள். 80-இல் ஆரம்பித்து 220, 400 என்று ஏறி, பெயின்ட் அடித்த பிறகு கடைசியில் வாட்டர் பேப்பர் 2000. சமமாகிவிட்டதா என்று கண்ணுக்குத் தெரியாது. கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். நானும் மச்சானும் கண்ணை மூடி ஒரு பொனெட்டை வருடிக்கொண்டிருந்ததைப் பார்த்த எதிர்வீட்டு மாமி, மறுபடி ஹார்லிக்ஸ் கொண்டுவரலாமா என்று யோசித்திருப்பார்.

வெள்ளை அடிப்பது சுலபம் என்றார்கள். வெள்ளையிலேயே எத்தனை வெள்ளை என்பது கலர் கோடைக் கொண்டுபோய்க் கலக்கச் சொன்னபோதுதான் தெரிந்தது. அடிக்கும்போது காற்றில் ஈரம் இருக்கக்கூடாது. சென்னைக்கு அந்த நிபந்தனையை யார் சொல்வது? ஹார்டனர் கலந்த பெயின்ட் நுரையீரலுக்கு ஆகாது, கைக்குட்டை போதாது என்பதால் நல்ல மாஸ்க் வாங்கினோம். காற்றில்லாத காலை நேரம் பார்த்து, தரையில் தண்ணீர் தெளித்து, படுதா கட்டி அடித்து முடித்தோம். சித்திரை மாதம். பெயின்ட் காய்வதற்குள் படுதா இடுக்கு வழியாக வேப்பமரம் ஒரு கை பூவைத் தூவியது. 'ஆசீர்வாதம்டா' என்றாள் அம்மா. ஆசீர்வாதத்தைத் தேய்த்து எடுக்க மறுபடி 1500 பேப்பரிலிருந்து ஆரம்பித்தோம்.

வீல் அலைன்மென்ட் கடையில்தான் பரீட்சை. மெஷினுக்கு வேப்பமரம், மஞ்சள், குங்குமம் எதுவும் தெரியாது. சின்ன வண்டிகளில் முன்சக்கரத்தின் டோவை, அதாவது உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியிருப்பதை, மட்டும் திருகிச் சரிசெய்யலாம். கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, தப்பாக வந்தால் திருகுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, எலும்போ சஸ்பென்ஷனோ இன்னும் கோணல் என்றுதான் அர்த்தம். திரையில் எல்லாக் கட்டமும் பச்சையாக வந்தது. கடைப் பையன், 'ஆக்சிடென்ட் வண்டியா சார்?' என்று கேட்கவே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். கேட்டிருந்தால் அரை மணி நேரம் சொல்லியிருப்பேன்.

அந்த அரை மணி நேரத்தை மாமனாரிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார், பொனெட்டைத் தடவிப் பார்த்தார், கதவைத் திறந்து திறந்து மூடினார். 'பிரமாதம் மாப்ளே' என்றார். பிறகு, தன்னோடு வாக்கிங் வரும் நண்பருடைய வண்டி பின்பக்கம் அடிபட்டு டோட்டல் லாஸ் ஆகி நிற்கிறதென்றும், நாளைக்கே அனுப்பிவைப்பதாகவும் சொன்னார். 'கூலி எவ்வளவுன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா...' என்று இழுத்தார்.

நான் தொண்டையைச் செருமுவதற்குள் உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது: 'அவருக்குக் கூலியே கிடையாதுப்பா. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்க.'