பவுண்டு கட்டிப் படிக்கும் சரளி வரிசை

ஈஸ்ட் ஹாம், லண்டன்

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் வந்துவிட்டது, ஹீட்டர் பில்லும் பின்னாலேயே வந்துவிட்டது. அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா?

போனில் பேசும்போது பின்னால் ‘டொய்ங்’ என்று கேட்டதே, குக்கர் கிக்கர் வெடித்துவிட்டதா என்று கேட்டு எழுதியிருந்தாய். குக்கர் இல்லை, கிட்டார். நாற்பத்தாறு வயதில் கற்றுக்கொள்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

போன வருஷம் டென்மார்க் தெருவுக்குப் போனேன். பேர்தான் டென்மார்க், இருப்பது லண்டன் நடுவில். எங்கு பார்த்தாலும் கிட்டார் கடை. ரோலிங் ஸ்டோன்ஸ் 1964-இல் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தது அந்தத் தெரு 4-ஆம் எண்ணில்தான். அந்த வாசலில் நின்றதும் புத்தி பேதலித்துவிட்டது. 140 பவுண்டு கொடுத்து ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். ரூபாயில் கணக்குப் போடாதே.

அப்புறம் எட்டு மாதம் வீடியோ பார்த்தே படிப்பு. திங்கட்கிழமை ஒருத்தர் இளையராஜா பாட்டு, செவ்வாய்க்கிழமை வேறொருத்தர் புளூஸ், புதன்கிழமை ‘பத்தே நிமிஷத்தில் கிட்டார்’. முடிவில் ஏழு பாட்டின் முதல் நாலு வினாடி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஐந்தாவது வினாடி எதிலும் தெரியாது. “ஒரு பாட்டையாவது முடிச்சுத் தொலைங்களேன்” என்று உன் தம்பி பெண்டாட்டி கும்பிட்டாள். மாலை வகுப்பில் சேர்ந்தேன்.

வாத்தியாருக்கு நம்ம பெரியவன் வயசுதான் இருக்கும். பாட்டே கிடையாது என்றுவிட்டார். ஏ, டி, ஈ, மூன்றே கார்ட். ஏ-யிலிருந்து டி-க்கு விரல் மாற்ற வேண்டும், ஒரு நிமிஷத்தில் எத்தனை தடவை என்று எண்ண வேண்டும். எனக்கு ஒன்பது. பக்கத்தில் இருந்த, பேரன் பேத்தி எடுத்த வெள்ளைக்காரப் பாட்டிக்கு இருபத்திரண்டு. அறுபது வரும்வரை தேதி போட்டு நோட்டில் எழுதி வரணும். மெட்ரோனோம் வேறு, முதலில் மெதுவாக, பிறகு கொஞ்சம் வேகம், பிறகு இன்னும் வேகம். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? சரளி வரிசையின் எந்த மூன்று காலத்துக்குப் பயந்து உன் பக்கத்துப் பாயிலிருந்து எழுந்து கொல்லைப்பக்கம் ஓடினேனோ, அதற்கே இப்போது பவுண்டு கட்டுகிறேன். இங்கே எட்டு கிரேடு. சென்னைப் பிள்ளைகள் எழுதுகிற அதே டிரினிட்டி பரீட்சைதான். முதல் கிரேடுக்கும் கீழே ‘இனிஷியல்’ என்று ஒரு படி. நான் அதற்கும் கீழே, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன்.

விரல் நுனியெல்லாம் எரிச்சல். உன் வீணைக்குப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் இருக்குமே, அது ஞாபகம் வந்து, கொஞ்சம் தொட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். வீணையில் விரல் கம்பிமேல் வழுக்கி ஓடணும், எண்ணெய் சரி. கிட்டார் கார்டுக்கோ வைத்த இடத்தில் அழுத்தி நிற்கணும். டி-யில் வைத்த மூன்று விரலும் மூன்று திசைக்குப் போயின. வாத்தியார் கம்பியைத் தொட்டு, முகர்ந்து பார்த்து, “சமைத்துவிட்டு வந்தீர்களா?” என்றார். ஆறு கம்பியும் மாற்ற வேண்டியதாயிற்று. இப்போது நுனி காய்த்துவிட்டது, எரிச்சல் இல்லை. எஃப் கார்ட் மட்டும் இன்னும் படியவில்லை. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கப்போட்டால் தகரடப்பா உருளுகிற சத்தம்தான் வருகிறது.

போன வாரம் வகுப்பு முடிந்ததும் ஒரு குறும்பு செய்தேன். தடிக் கம்பியில் அழுத்தாமல் ச, முதல் கட்டையில் ரி, 4-இல் க, 5-இல் ம, 7-இல் ப, 8-இல் த, 11-இல் நி, 12-இல் மேல் ச. உன் மாயாமாளவகௌளை! பையை மூடிக்கொண்டிருந்த வாத்தியார் திரும்பினார். “மிசிர்லூ! டிக் டேல் 1962-இல் வாசித்தது” என்று குதித்தார். அந்தப் பாட்டுக்கும் இதே சுரங்கள்தானாம், இங்கே பேர் டபுள் ஹார்மோனிக். அப்புறம் என் தோளில் தட்டி, “ஆனால் இது ரொம்பக் கஷ்டமான ஸ்கேல். ஆரம்பத்தில் இருப்பவர்கள் இதையெல்லாம் தொடக் கூடாது” என்றார்.

உன் திண்ணையில் மூக்கொழுக உட்கார்ந்திருக்கும் ஐந்து வயசுகளிடம் இதைச் சொல்லிவிடாதே.

உன் தம்பி