எட்டிப் பார்த்தலியல்: ஒரு தொடக்கநிலை ஆய்வு

மனிதன் ஏன் மலை ஏறுகிறான் என்று நூலகம் நூலகமாக எழுதிக் குவித்திருக்கிறார்கள். அதே மலையில், போகிற வழியில் ஒரு குழி இருந்தால் நின்று எட்டிப் பார்க்கிறானே, அது ஏன் என்று கேட்க நாதியில்லை. அறிவுலகின் இந்த இடைவெளியை நிரப்புவதே இவ்வாய்வின் நோக்கம். குழியை நிரப்புவது நோக்கமன்று.

ஆய்வுக்களம் இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர் டேல்ஸ். கிளாப்பம் என்ற கிராமத்தில் நடையைத் தொடங்க வேண்டும். ஒரு செயற்கை ஏரி வரும். பார்வையாளருக்குத் திறந்துவிடப்பட்ட இங்கிள்பரோ குகை வரும். குகைக்குக் காசு கொடுக்காமல் மேலே நடந்தால் ட்ரோ கில் என்னும் ஒடுங்கிய பாறை இடுக்கு. அதில் மூச்சு வாங்க ஏறி வெளியே வந்ததும் உலகம் சட்டென்று தட்டையாகிவிடும். மரம் இல்லை, வீடு இல்லை. முரட்டுப் புல், காலை உறிஞ்சும் கரிச்சேற்று மண், காற்று, ஆடு, அவ்வளவுதான். ஆங்கிலேயர் இதை மூர் என்று சொல்லி இதில் நடப்பதை இன்பம் என்று கருதுகிறார்கள். அது தனி ஆய்வுக்குரியது. இங்கிள்பரோ மலையின் தெற்குச் சரிவான இந்த மூரில் ஃபெல் பெக் என்ற ஓடை, தேயிலைச் சாயத் தண்ணீருடன் இறங்கி வருகிறது. ஒரு பள்ளத்துக்குள் நுழைகிறது. அதற்கப்புறம் ஓடை இல்லை. அந்த இடம்தான் கேப்பிங் கில்.

அளவுகள்: வாயிலிருந்து அடிவரை நேர்குத்தாக 98 மீட்டர். அடியில் ஒரு கூடம். நீளம் 129, அகலம் 25, உயரம் 31 மீட்டர். இதற்குள் ஒரு பேராலயத்தையே வைத்துவிடலாம் என்று சொல்லிப் பெருமைப்படுவது அவ்வூர் மரபு. யார்க் நகரத்துப் பேராலயத்தின் நீளமோ 150 மீட்டருக்கு மேல். ஆகவே உள்ளே வைப்பதானால் ஒரு பக்கம் அறுத்துத்தான் வைக்க வேண்டும். குழியை அளக்க எதற்குப் பேராலயத்தைக் கொண்டுவருகிறார்கள் என்றால், குழிக்கென்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அதில் எது கொள்ளும் என்பதை வைத்துத்தான் அதைப் பற்றிப் பேச முடிகிறது.

குழி வந்த கதை எளியது. ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்த யார்க்‌ஷயர், நிலநடுக்கோட்டை ஒட்டிய வெதுவெதுப்பான ஆழமில்லாத கடலுக்கு அடியில் இருந்தது. (இன்று அங்கே ஜூலை மாதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடப்பவர்களுக்கு இது கூடுதல் துக்கம்.) சிப்பியும் பவளமும் மடிந்து அடுக்கடுக்காகப் படிந்து சுண்ணாம்புக்கல் ஆயின. அதற்குமேல் தண்ணீரை உள்ளே விடாத களிப்பாறையும் மணற்கல்லும் படிந்தன. மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. மேலே உள்ள பாறையில் அதன் ஜம்பம் பலிக்காது. சுண்ணாம்புக்கல்லை எட்டியதும் விரிசல்களில் புகுந்து கரைக்கத் தொடங்கிவிடும். ஓடை மலையுச்சியிலிருந்து நல்லபிள்ளையாக வந்து, சுண்ணாம்பு தொடங்கும் இடத்தில் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். நிலவியலாருக்கு இத்தோடு வேலை முடிந்தது. நமக்கு இனித்தான் தொடக்கம்.

முதல் சிக்கல் தத்துவச் சிக்கல். குழி என்பது பாறை இல்லாத இடம். இல்லாத ஒன்றைப் பார்ப்பது எப்படி? தரையில் குடம் இல்லை என்பதை எந்தப் பிரமாணத்தால், அதாவது அறியும் வழியால், அறிகிறோம் என்று நம் தர்க்க நூலார் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கு நின்றார்கள். கண்ணாலேயே அபாவத்தை, அதாவது இல்லாமையை, காண்கிறோம் என்றார்கள் நையாயிகர். இல்லை, அதற்கு அனுபலப்தி (காணப்படாமை) என்று தனிப் பிரமாணம் வேண்டும் என்றார்கள் பாட்ட மீமாம்சகர். இரு தரப்பாரையும் கேப்பிங் கில்லின் விளிம்புக்கு அழைத்துப் போயிருந்தால் வாதம் சீக்கிரம் முடிந்திருக்கும். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் எட்டிப் பார்த்திருப்பார்கள்.

இனிக் கள ஆய்வு. விளிம்புக்கு வருகிறவரை இங்கே எட்டுநர் என்று குறிப்போம். எட்டுநர் பள்ளத்தின் சரிவில் இறங்கும்போதே நடை மாறுகிறது. அதுவரை வீசி நடந்தவர் பாதத்தைப் பக்கவாட்டில் வைக்கிறார். ஓடை விழும் வாயருகே பாறை ஈரத்தில் மினுங்குகிறது. சுவர் முழுக்கப் பாசி. மேலே அத்தனை வெளியில் இல்லாத பச்சை அத்தனையும் இந்தத் துளைக்குள் ஒதுங்கியிருக்கிறது. தண்ணீர் உதட்டைத் தாண்டும்வரை கண்ணாடிபோல் வழுக்கிக்கொண்டு வந்து, தாண்டிய இரண்டாம் கணமே வெள்ளை நூலாகி, அப்புறம் தூவானமாகி, இருட்டில் போய்விடுகிறது. எட்டுநர் கழுத்தை நீட்டுகிறார். உடம்பு பின்னுக்கு இழுக்கிறது. தலை முன்னேயும் இடுப்பு பின்னேயுமாக அவர் நிற்கும் அந்த வளைவு, வயது, பால், நாடு, கல்வித்தகுதி எதனாலும் மாறுவதில்லை.

உட்பிரிவுகளும் உண்டு. வயிற்றால் ஊர்ந்து போய்ப் பார்ப்பவர் கிடைநிலை எட்டுநர். இவருடைய பூட்ஸ் குதிகாலை மனைவி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பார். வழுக்கினால் அந்தப் பிடி கணவரைத் தடுக்காது என்பது இருவருக்கும் தெரியும்; ஆனாலும் பிடி விடுவதில்லை. பத்தடி தள்ளி நின்று, “என்ன தெரியுது?” என்று கேட்பவர் சார்புநிலை எட்டுநர். “ஒண்ணும் தெரியலை” என்ற விடை வந்ததும் அவருக்கு ஆவல் கூடுகிறது. குழந்தைகள் கேட்கும் கேள்வி, “இதை யாரு தோண்டினா?” இதற்குப் பெற்றோர் தரும் விடைகளில் மேலே சொன்ன கரியமில வாயு அரிதாகவே இடம்பெறும். நாய்கள் சங்கிலி இறுகப் பின்வாங்கிவிடும். ஆடுகள் கதையே வேறு: விளிம்பை ஒட்டி மேய்ந்துவிட்டுத் தலையைத் தூக்காமல் போய்விடும். ஆட்டுக்குக் குழி என்பது புல் இல்லாத இடம், அவ்வளவுதான். இந்தத் தெளிவு மனித இனத்துக்கு வாய்க்கவில்லை.

ஒரே குழியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பதால் ஒப்பீட்டுக்கு இன்னும் இரண்டு. பெனிகெண்ட் மலையடியில் ஹல் பாட் என்று ஒன்று: 91 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், அதே 18 மீட்டர் ஆழம். பிரம்மாண்டமானது, ஆனால் மேலே நின்றால் அடித்தரைக் கல் வரை தெரிகிறது. இங்கே யாரும் படுப்பதில்லை. இடுப்பில் கை வைத்து நின்று, தலையாட்டி, சாண்ட்விச் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். இரண்டாவது, ஸ்வேல்டேலுக்கும் வென்ஸ்லிடேலுக்கும் நடுவே சாலையோரத்தில் இருக்கும் பட்டர்டப்ஸ். ஹாஸ் சந்தைக்குப் போன குடியானவர்கள் வெயில் நேரத்தில் வெண்ணெயை இந்தக் குழிகளுக்குள் இறக்கிக் குளிர வைத்தார்கள் என்பது செவிவழிச் செய்தி. ஆழம் 20 மீட்டர் அளவே; காரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்தபடியே பார்த்துவிடலாம். 2014-இல் டூர் தெ ஃபிரான்ஸ் சைக்கிள் பந்தயம் இந்தச் சாலையில் ஏறிப் போனது. ஒரு வீரராவது இறங்கி எட்டிப் பார்த்ததாகச் செய்தி இல்லை. அவசரம் இருந்தால் எட்டல் நிகழாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இம்மூன்றையும் வைத்து ஒரு விதி சொல்லலாம். அடி தெரிகிற குழியை மனிதன் நின்று பார்க்கிறான். தெரியாத குழியைப் படுத்துப் பார்க்கிறான். ஆழத்துக்கு இதில் பங்கில்லை. இருபது மீட்டரில் அடி மறைந்தாலும் படுப்பான். நூறு மீட்டரில் அடி தெரிந்தாலும் நிற்பான்.

கல்லெறிதல் பற்றிச் சொல்லாமல் இவ்வாய்வு நிறைவுறாது. எட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியாத ஏமாற்றத்தில் எட்டுநரின் கை தானாகத் தரையைத் துழாவும். பள்ளிக்கூட இயற்பியல் அவருக்கு இந்த ஒரு சமயத்தில்தான் ஞாபகம் வரும். 98 மீட்டர் விழக் கல்லுக்கு நாலரை விநாடி. சத்தம் மேலே வர இன்னொரு 0.3 விநாடி. கணக்கு சுத்தம். ஆனால் சுவரில் 55 மீட்டர் ஆழத்தில் ஒரு திட்டு நீட்டிக்கொண்டிருக்கிறது. கல் அதில் பட்டால் மூன்றரை விநாடியிலேயே ஓசை கிளம்பி, குழி பாதியாகச் சுருங்கிவிடும். போதாக்குறைக்கு அருவிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு: கீழே ஆள் இருக்கலாம். குகையேறிகள் வேறு வாய்கள் வழியாக நுழைந்து இந்தக் கூடத்துக்கு வந்து நிற்பது அங்கே வாடிக்கை. எட்டுநருக்கு அது ஒரு பரிசோதனை. கீழே நிற்பவருக்கு அது நாலரை விநாடி வேகம் பிடித்த கல்.

முன்னாய்வுகள் என்ற வகையில் இருவரைச் சொல்ல வேண்டும். 1842-இல் ஜான் பர்க்பெக் என்பவர் ஓடையைத் திசைதிருப்பக் கால்வாய் வெட்டச் சொல்லிவிட்டுக் கயிற்றில் இறங்கினார். மேற்சொன்ன திட்டுவரைதான் போக முடிந்தது. திட்டுக்கு அவர் பெயரே வைத்துவிட்டார்கள். பாதி வழியில் நின்றவருக்குக் கிடைத்த நியாயமான மரியாதை. 1895 ஆகஸ்ட் 1 அன்று எதுவார் அல்ஃபிரே மர்தெல், கயிற்றேணியும் தொலைபேசிக் கம்பியுமாக அடித்தரையைத் தொட்டார். தொழிலால் பாரிஸ் வழக்கறிஞர். வழக்கறிஞர் ஒருவர் மெழுகுவர்த்தியும் கையுமாக நூறு மீட்டர் பாதாளத்தில் நின்றுகொண்டு டெலிபோனில் மேலே பேசுவது, குழிகளின் வரலாற்றில் மட்டுமல்ல, வழக்கறிஞர்களின் வரலாற்றிலும் அபூர்வம். பிரெஞ்சுக்காரன் முந்திக்கொண்டானே என்ற வயிற்றெரிச்சல் யார்க்‌ஷயர்காரர்களைச் சும்மா விடவில்லை. அடுத்த ஆண்டே யார்க்‌ஷயர் ராம்பிளர்ஸ் கிளப் இறங்கிவிட்டது. அத்தோடு எட்டிப் பார்த்தலின் செவ்வியல் காலம் முடிவடைந்து, இறங்கிப் பார்த்தலின் காலம் தொடங்குகிறது.

இந்த மனித முயற்சிகளை ஓடை பொருட்படுத்தவில்லை. கேப்பிங் கில்லில் விழுந்த தண்ணீர் மலைக்குள் எங்கெங்கோ போய், கீழே இங்கிள்பரோ குகையின் வாசலை ஒட்டி மீண்டும் வெளியே வருகிறது. அதாவது நாம் ஏறி வந்த வழியிலேயே, காசு கொடுக்காமல் தாண்டி வந்த அதே இடத்தில். மேலே உள்ள குழிக்கும் கீழே உள்ள குகைக்கும் இடையே ஆள் போகிற வழி உண்டா என்று தலைமுறைகளாகத் தேடினார்கள். முழுகுநர்கள் அந்த இணைப்பை உறுதிசெய்தது 1983-இல். தண்ணீர் அதற்காக மாநாடு கூட்டவில்லை.

இன்று பிராட்ஃபோர்டு பாட்ஹோல் கிளப் மே மாதக் கடைசி விடுமுறை வாரத்திலும், கிரேவன் பாட்ஹோல் கிளப் ஆகஸ்டிலும் வாயின் குறுக்கே சாரம் கட்டி, ஓடையைக் கூடியவரை வேறு பக்கம் திருப்பி, வின்ச் வைத்து யாரை வேண்டுமானாலும் இறக்குகிறார்கள். இறங்குவது இலவசம், ஏறத்தான் காசு என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் வேடிக்கை. பேரம் பேச முடியாத இடத்தில் இருந்துகொண்டு கட்டணத்தைக் கேட்பது போன்ற வணிக நுட்பம் வேறு எந்தத் தொழிலிலும் இல்லை. இருக்கையில் உட்கார வைத்துக் கதவை மூடி விடுவார்கள். காலடியில் இருந்த பலகை போய்விடும். ஓரிரு நிமிடத்தில் கூழாங்கல் தரை. அண்ணாந்தால் வெகு உயரத்தில் ஒரு வெளிச்சத் துண்டு, அதன் ஓரத்தில் கறுப்பாய்ச் சில பொட்டுகள். பொட்டுகள் அசைகின்றன. அவை எட்டுநர்கள். அவர்களுக்குக் கீழே இருப்பவர் தெரிவதில்லை. கீழே இருப்பவருக்கு அவர்கள் ஒருவர் விடாமல் தெரிகிறார்கள். எனவே எட்டிப் பார்த்தலியலை முறையாகப் பயில விரும்பும் மாணவர் விளிம்பில் நின்று பயனில்லை; அடியில் போய் நின்று மேலே பார்க்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் துணிபு.

அப்படிப் போக நினைப்பவர்களுக்கு: வின்ச் நாட்களில் கூட்டம் இருக்கும், விடிந்ததும் கிளாப்பத்திலிருந்து கிளம்பிவிடுங்கள். ஓடையைத் திருப்பினாலும் அருவி முழுசாக நிற்காது, மழைக்கோட்டு இல்லாமல் போகாதீர்கள். மற்ற நாட்களில் விளிம்பிலிருந்து பார்ப்பவர்கள் தாராளமாகப் படுத்துப் பாருங்கள், மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம், பாறை வழுக்கும். கல்லைப் போட வேண்டாம். ஆழம் 98 மீட்டர், அளந்தாயிற்று.